வெளியே தெரியாமல் பல்வரிசையைச் சீராக்க: பெரியவர்களுக்கான படிப்படியான வழி

முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் பல்லுக்குக் கம்பி போட நினைத்தால், அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ, தங்கையின் கல்யாணப் புகைப்படத்தில் எப்படி இருக்குமோ என்ற தயக்கம்தான் முதலில் வந்து நிற்கிறது. அதனால் "எது வெளியே தெரியாது?" என்ற கேள்வியோடுதான் பலரும் பல் மருத்துவமனைக்குள் நுழைகிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. எந்தப் பல் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பது தெரிந்த பிறகே, அதை நகர்த்தக்கூடிய கருவிகளுள் எது கண்ணில் படாது என்று பார்க்க முடியும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன.

படி 1: ஈறுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார்ப் படலம் ஒன்று இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக மென்மையாகவும் தொடர்ந்தும் அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரையும். எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு உருவாகும். பல் இடம் மாறுவது இப்படித்தான். இது 12 வயதிலும் நடக்கும், 50 வயதிலும் நடக்கும் என்பதால் வயது ஒரு தடையன்று. பெரியவர்களுக்குத் தடையாக வருவது ஈறு நோய்தான். துலக்கும்போது இரத்தம் கசிவது, பல் லேசாக ஆடுவது, முன்பு நெருக்கமாக இருந்த முன்பற்களில் புதிதாக இடைவெளி விழுவது ஆகியவை அதன் அடையாளங்கள். நோயுள்ள ஈற்றோடு பல்லை நகர்த்தினால், இருக்கிற எலும்பும் வேகமாகக் குறையும். ஆகவே முதலில் ஸ்கேலிங் செய்து பற்காரையை நீக்கி, ஈறு ஆறிய பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

சர்க்கரை நோய் இருந்தாலும், எலும்பு மெலிவுக்கு மருந்து எடுத்துக்கொண்டாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) பொருத்திய பல் எலும்போடு ஒட்டி நிற்பதால் எந்தக் கருவியாலும் நகராது. அது எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் மற்ற பற்களுக்குத் திட்டம் போடுவார்கள்.

படி 2: தகுதியுள்ளவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்

பி.டி.எஸ். முடித்த பிறகு பல் சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவரே ஆர்த்தோடான்டிஸ்ட். வாய் முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம், முகத்தையும் பற்களையும் எடுத்த புகைப்படங்கள், பல்வரிசையின் அச்சு அல்லது டிஜிட்டல் ஸ்கேன் ஆகியவற்றைப் பார்க்காமல் ஒருவர் கட்டணத்தை மட்டும் சொன்னால், வேறொருவரிடமும் கருத்துக் கேட்பது நல்லது.

வீட்டிலேயே அச்சு எடுத்து அனுப்பினால் கருவி தபாலில் வந்துவிடும் என்ற ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2014-இல் தொடங்கிய ஸ்மைல்டைரக்ட்கிளப் இந்த முறையில் மிகப் பெரிதாக வளர்ந்து, 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து, அதே ஆண்டு டிசம்பரில் கடையை மூடியது. சிகிச்சை பாதியில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். நிறுவனம் நிலைத்திருந்தாலும் எக்ஸ்ரே எடுக்காமல், ஈற்றைத் தொட்டுப் பார்க்காமல் பல்லை நகர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

படி 3: உங்கள் பல்லுக்கு எந்த வகை நகர்வு தேவை என்று கேளுங்கள்

முன்பற்களில் சிறிய இடைவெளி, கீழ்ப்பற்களில் லேசான நெருக்கம், சிறு வயதில் கம்பி போட்டுச் சரிசெய்த வரிசை மீண்டும் கலைந்தது போன்றவை எளிய வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்குப் படி 4-இல் வரும் மூன்று முறைகளும் ஏறக்குறைய ஒத்துவரும். பற்களுக்கு நடுவே எனாமலை அரை மில்லிமீட்டருக்குள் மெல்லத் தேய்த்தால் தேவையான இடமும் பல நேரங்களில் கிடைத்துவிடும்.

நம்மிடையே அதிகம் காணப்படும் எடுப்பான பல் வேறு கதை. மேலும் கீழும் முன்பற்கள் துருத்தி, உதடு மூடச் சிரமமாக இருந்தால், பெரும்பாலும் நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, அந்த இடத்துக்கு முன்பற்களை உள்ளே இழுப்பார்கள். ஒவ்வொரு இடைவெளியும் சுமார் 7 மில்லிமீட்டர் இருக்கும். மாதத்துக்கு அதிகம் போனால் 1 மில்லிமீட்டர் அளவில்தான் அது மூடும். இதில் பல்லின் தலை மட்டுமன்றி வேரும் சேர்ந்து நகர வேண்டும். இல்லையென்றால் மண் இளகிய வேலிக் கம்பம்போல் பல் பள்ளத்துக்குள் சாய்ந்துவிடும். வேரைக் கட்டுப்படுத்துவதில் பல்லில் ஒட்டிய கம்பிக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறையான அலைனரிலும் செய்ய முடியும். ஆனால் மருத்துவரின் அனுபவமும் உங்கள் ஒழுங்கும் இரண்டுமே நன்றாக அமைய வேண்டும். "பல் பிடுங்கிய நோயாளிகளுக்கு அலைனரில் முடித்திருக்கிறீர்களா, படங்களைக் காட்ட முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

தாடை எலும்பே முன்னோ பின்னோ அமைந்திருந்தால் பல்லை மட்டும் நகர்த்தித் தீராது. அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும்.

படி 4: மூன்று முறைகளையும் அருகில் வைத்துப் பாருங்கள்

அலைனர் என்பது பல்லின் மேல் மாட்டிக் கழற்றும் மெல்லிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. 1997-இல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனத்தின் இன்விசலைன் இதைப் பரவலாக்கியது. இப்போது இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. ஓர் உறை பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நகர்த்தும். எனவே ஒரு பல் 3 மில்லிமீட்டர் போக வேண்டுமென்றால் குறைந்தது 12 உறைகள், அவற்றை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். முற்றிலும் தெரியாது என்று விளம்பரங்கள் சொன்னாலும், பிடிமானத்துக்காகப் பல்லின் முகத்தில் பல் நிறத்திலேயே சிறு மேடுகள் ஒட்டப்படும். முன்பல்லில் அவை வந்தால் பக்கத்தில் நின்று பேசுபவர் கவனிக்கலாம். உறை சரியாக வேலை செய்கிறதா என்பதை நீங்களே பார்க்க முடியும்: வெளிச்சமான இடத்தில் கண்ணாடி முன் நின்று, பல்லின் நுனிக்கும் உறைக்கும் இடையே வெறும் காற்று இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள். அது நாளாகியும் மறையாவிட்டால் பல் பின்தங்கிவிட்டது என்று பொருள். அடுத்த உறைக்குப் போகாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செராமிக் கம்பியில், பல்லில் ஒட்டும் பிராக்கெட் பல் நிறத்தில் இருக்கும். பிராக்கெட் கறைபடாது. கறைபடுவது அதைச் சுற்றிக் கம்பியைப் பிடித்திருக்கும் நிறமற்ற ரப்பர் வளையம்தான். நம் சமையலில் மஞ்சள்தூள் இல்லாத நாள் ஏது? புது வளையம் போட்ட மறுநாள் சாம்பார் சாதம் சாப்பிட்டாலே மஞ்சள் ஏறிவிடும். அடுத்த மாற்றம் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான். வளையமே தேவைப்படாத, தானே பூட்டிக்கொள்ளும் செராமிக் பிராக்கெட்டைக் கேட்பது இதற்கு ஒரு வழி. முக்கியமான நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் வளையம் மாற்ற நேரம் வாங்குவது மற்றொரு வழி. செராமிக் எனாமலைவிடக் கடினமானது என்பதால், மேற்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடுகிறவர்களுக்குக் கீழ்வரிசையில் அதை ஒட்டினால் மேற்பல் தேயும். அப்படிப்பட்டவர்களுக்கு மேலே செராமிக், கீழே உலோகம் என்று கலந்து போடுவதுண்டு, செலவும் குறையும். முறுக்கு, சீடை, கரும்பு, கடலை மிட்டாய் ஆகியவற்றுக்கு இந்தக் காலம் முழுவதும் விடுமுறை.

லிங்குவல் கம்பி பல்லின் உட்புறத்தில், நாக்குப் பக்கமாக ஒட்டப்படுவது. மூன்றில் உண்மையிலேயே வெளியே தெரியாதது இதுதான். 1970-களில் ஜப்பானில் கின்யா ஃபுஜிதாவும் அமெரிக்காவில் கிரேவன் கர்ஸும் இதை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் நாக்கு புண்ணாகும். ச, ஸ ஒலிகள் குழறும். சில வாரங்களில் பெரும்பாலானோருக்குப் பழகிவிடும். ஆசிரியர்களும் பாடகர்களும் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நாகஸ்வரம் வாசிப்பவருக்கோ, உதட்டை அழுத்தும் வெளிப்புறக் கம்பியைவிட இது வசதியாக இருக்கலாம். செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. கட்டணம் பெரும்பாலும் மூன்றிலும் அதிகம்.

படி 5: உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

அலைனர் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். 22 என்று வைத்தால் மிச்சம் இரண்டே மணி நேரம். அதற்குள் காலைக் காப்பி, சிற்றுண்டி, பதினொரு மணித் தேநீர், மதியச் சாப்பாடு, மாலையில் பஜ்ஜியும் தேநீரும், இரவு உணவு, ஒவ்வொன்றுக்கும் பிறகு பல் துலக்குவது ஆகிய அத்தனையும் அடங்க வேண்டும். உறையைப் போட்டுக்கொண்டே சூடான காப்பி குடித்தால் பிளாஸ்டிக் வளையும்; சர்க்கரை பல்லோடு ஒட்டி உள்ளேயே தங்கிச் சொத்தையாகும். ஆகவே காப்பியைச் சிற்றுண்டியோடும், தேநீரை ஒரு வேளையோடும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடையில் குடிக்கலாம் என்றால் சாதாரணத் தண்ணீர் மட்டுமே.

ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள். வாடிக்கையாளரோடு நாள் முழுக்கத் தேநீர் குடித்தே தீர வேண்டிய விற்பனைத் தொழிலில் இருப்பவருக்கு, கழற்ற முடியாத செராமிக்தான் பொருத்தம் என்று நான் சொல்வேன். கழற்ற முடிவது சிலருக்கு வசதி. சிலருக்கு அதுவே சிகிச்சை கெடும் வழி.

உணவகத்தில் கழற்றிய உறையைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி இலை ஓரமாக வைக்காதீர்கள். இலையோடு அதுவும் குப்பைக்குப் போய்விடும். பெட்டி எப்போதும் பையில் இருக்கட்டும். உறை தொலைந்தால் அதற்கு முந்தைய உறையைப் போட்டுக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். அதற்காகவே பழையதை உடனே தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

படி 6: கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள்

பெரும்பாலான இடங்களில் செராமிக்குக்கு அலைனரைவிடக் குறைவாகவே ஆகும். ஆனால் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. திட்டமிட்ட உறைகள் முடிந்தும் ஓரிரு பற்கள் இடம் சேராமல் இருப்பது சாதாரணமாக நடப்பதுதான். அதற்கான கூடுதல் உறைகள் கட்டணத்துக்குள் வருமா? பிராக்கெட் கழன்றால் யார் பொறுப்பு? நடுவில் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனால் பணத்துக்கும் கோப்புக்கும் என்ன வழி? ஒவ்வொரு சந்திப்பிலும் பார்க்கப்போவது அதே மருத்துவர்தானா?

படி 7: ரிட்டெய்னரையும் இப்போதே பேசி முடியுங்கள்

கருவியைக் கழற்றிய பின் பற்கள், முக்கியமாகக் கீழ் முன்பற்கள், பழைய இடத்தை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க, பல்லின் உட்புறத்தில் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டுவார்கள், அல்லது மாட்டிக் கழற்றும் ரிட்டெய்னர் கொடுப்பார்கள்; சிலருக்கு இரண்டுமே. முதல் சில மாதங்கள் நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும் என்று பெரும்பாலும் சொல்வார்கள்; அந்த இரவு வழக்கத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. ஒட்டிய கம்பியின் அடியில் பற்காரை சேரும் என்பதால் இடைப்பல் பிரஷ்ஷை அன்றாடம் பயன்படுத்த வேண்டும். முதல் ரிட்டெய்னருக்கும், அது உடைந்தால் வாங்கும் அடுத்ததற்கும் எவ்வளவு என்பதைப் படி 6-இல் எழுதி வாங்கும் தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.