தியத்தலாவைக்குப் புறப்படுமுன் சப்பாத்தில் நேரும் தவறுகள்

தியத்தலாவையிலுள்ள இராணுவ அகடமிக்கு மலையக இளைஞர் ஒருவர் தெரிவானதும், வீட்டார் முதல் வேலையாக வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு சோடிப் புதிய பூட்ஸாகத்தான் இருக்கும். அன்பினால் செய்வதுதான், ஆனால் முதல் தவறும் அதுவே. பூட்ஸின் நிறம், உயரம், வகை ஆகியவற்றைத் தீர்மானிப்பது அகடமியே தவிர நாமல்ல. ஆகவே பொருட்பட்டியலை வரி விடாமல் வாசித்து, எது அங்கே வழங்கப்படும், எதை நாம் கொண்டுபோக வேண்டும் என்று தெளிந்த பின்னரே கடைப்படி ஏற வேண்டும்.

அடுத்தது, பாதத்தை அளக்காமல் இலக்கத்தை மட்டும் சொல்லி வாங்குவது. பிரித்தானிய முறையில் 8 என்பது ஐரோப்பிய முறையில் ஏறத்தாழ 42, அமெரிக்க முறையில் ஏறத்தாழ 9 ஆகும். பிரித்தானிய முறையில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் எட்டரை மில்லிமீற்றர் வேறுபாடு உண்டு. இறக்குமதிச் சப்பாத்தில் முறை மாறிப்போனால் அந்த வேறுபாடு முழுவதையும் விரல்களே தாங்க நேரிடும். இதைவிடப் பெரிய சிக்கல் அகலத்தில் இருக்கிறது. வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் தேயிலை மலையில் ஏறி இறங்கி வளர்ந்தவர்களின் பாதம் விரல்பகுதியில் அகன்றிருப்பது இயல்பு. குறுகிய முனையுள்ள சப்பாத்து அவர்களுக்கு இறுக்கினால், கடைக்காரர் ஓர் இலக்கம் பெரிதை எடுத்து நீட்டுவார். ‘அடுத்த வருசத்துக்கும் ஆகும்’ என்று பாடசாலைச் சப்பாத்தைப் பெரிதாக வாங்கி முனையில் பஞ்சு அடைத்துப் பழகிய நமக்கு அது தவறாகவும் படாது. ஆனால் நீளம் கூடிய சப்பாத்துக்குள் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலெழும்பி உரசும், கொப்புளமும் அங்கேயே கிளம்பும். ‘போடப் போட விரியும்’ என்ற பேச்சிலும் பாதிதான் உண்மை: தோல் அகலத்தில் சிறிது இடங்கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது.

பாதம் பகலில் சற்று வீங்குவதால் பிற்பகலில் கடைக்குப் போவதே சரி. பயிற்சிக்கு அணியப்போகும் தடித்த சொக்ஸையே போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் அணிந்து, எழுந்து நின்று பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மீந்திருக்க வேண்டும். கையை உள்ளே விட்டுத் தையல் புடைத்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். சமதரையில் நாலு எட்டு வைத்துப் பார்த்தது போதாது. அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துச் சாலைகளில் ஏற்றத்தைவிட இறக்கமே காலைச் சோதிப்பது. படிக்கட்டில் இறங்கும்போது விரல் நுனி முன்பக்கத்தில் இடித்தால், நகம் கறுத்துப்போவது நிச்சயம்; அந்தச் சோடியை அங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

புதிய பூட்ஸை முதன்முதலாக அகடமியில் காலடி வைக்கும் நாளில் அணிவது தவறென்று பலருக்கும் தெரியும். அதற்குப் பரிகாரமாக அந்தப் பூட்ஸோடு தினமும் ஓடத் தொடங்குவதும் தவறென்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. சில வாரங்கள் முன்பிருந்தே வீட்டுக்குள்ளும், பிறகு குறுகிய நடைகளிலும் அணிந்து பழக்கி, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நடை திடீரெனக் கூடும்போது பாத எலும்பில் மயிரிழை முறிவு ஏற்படலாம். இப்படி வீங்கி வலிக்கும் சிப்பாய்களின் பாதங்களைப் பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைத்தௌப்ட் 1855 இலேயே விவரித்திருக்கிறார். பழக்கமில்லாத காலை விலையுயர்ந்த பூட்ஸும் காப்பாற்றாது.

ஓடுவதற்கு ஓட்டச் சப்பாத்தே வேண்டும். பாதத்தின் உள்வளைவைப் பார்த்து ‘உங்களுக்கு இந்த வகைதான்’ என்று கூடிய விலைக்கு விற்பவர்களை நம்பிவிடக் கூடாது. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகியவற்றில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நடத்தி 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், வளைவுக்கேற்பச் சப்பாத்து வழங்கியதால் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அளவு சரியாக, உறுத்தாமல் இருந்தால் போதும். அண்ணன் பாவித்து அலமாரியில் வைத்த பழைய சோடியை எடுத்துப்போவதும் சிக்கனமாகாது. பொலியூரெத்தேன் என்ற செயற்கைப் பொருளாலான சோல், நம் பக்கத்து ஈரக்காற்றில் அணியாமல் கிடந்தாலும் உதிர்ந்துபோகும்.

சொக்ஸைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தனிப் பருத்தி வியர்வையைக் குடித்து அப்படியே வைத்திருக்கும், ஊறிய தோலில் கொப்புளம் எளிதில் எழும். கம்பளி அல்லது செயற்கை இழை கலந்தவற்றைத் தெரிவுசெய்து, நனைந்ததும் மாற்றப் போதிய சோடிகளை வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, ஊவாவில் மழை வலுக்கும் ஒக்டோபர் தொடங்கி வரும் மாதங்களில் நனைந்த பூட்ஸை அடுப்பங்கரையில் காயவைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். சூட்டில் தோல் விறைத்து வெடிக்கும், சோல் ஒட்டிய பசையும் விட்டுப்போகும். உள்ளடியைக் கழற்றி வெளியே வைத்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, தாள் ஈரமானதும் மாற்றி, காற்றுப்படும் நிழலில் வைத்தால் மெதுவாகக் காயும். பொலிஷ் பூசுவது நன்றாகக் காய்ந்த பிறகுதான்.