கண்ணாடித் தடுப்பு: அளவெடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டியவை

அறையைப் பிரிக்கும் தடுப்புக்கான டஃபன்ட் (சூடாக்கி வலுவூட்டிய) கண்ணாடியை உலையில் பதப்படுத்திய பின் வெட்டவோ துளையிடவோ முடியாது. முயன்றால் பலகை முழுவதும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். ஆகவே கைப்பிடி, பூட்டு ஆகியவற்றுக்கான துளைகளை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். உயரத்தை இரு ஓரங்களிலும் நடுவிலும் அளந்து, அவற்றுள் குறைந்ததையே கணக்கில் கொள்க; வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தால், தரை ஒரு மூலையில் 10, 15 மி.மீ. தாழ்ந்திருப்பதில் வியப்பில்லை. கண்ணாடிப் பலகை மாடிப்படித் திருப்பத்தில் திரும்புமா என்பதையும் அப்போதே டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

சட்டமில்லாத தடுப்புக்குப் பொதுவாக 10 அல்லது 12 மி.மீ. கண்ணாடி பயன்படுகிறது. ஃபால்ஸ் சீலிங் பாரம் தாங்காது என்பதால், மேல் சேனலை (கண்ணாடியின் மேல் விளிம்பைப் பிடிக்கும் உலோகச் சட்டத்தை) அதில் பொருத்தாமல், அதற்கு மேலுள்ள கான்கிரீட் தளத்தோடு இணைத்த இரும்புக் குழாயில் பிடிக்க வேண்டும். கதவுக்கு ஃப்ளோர் ஸ்பிரிங் (கதவைத் தானே மூடவைக்க, தரைக்குள் பதிக்கும் கருவி) வைப்பதாயின் தரையைக் குடைய நேரும். வாடகைக் கட்டடமெனில் உரிமையாளரின் இசைவை முதலில் பெறுக.

அறை பிரிந்தபின் ஏ.சி. காற்று பழையபடி பரவாது. வேலூரின் மே மாத வெயிலை எண்ணி, ஒவ்வோர் அறைக்கும் காற்றுவழியைத் தனியே திட்டமிட வேண்டும். யாரும் மோதிக்கொள்ளாதிருக்கக் கண்மட்டத்தில் ஃப்ராஸ்டட் (பனி படர்ந்தது போன்ற) ஸ்டிக்கர் பட்டை ஒட்டுவது உதவும்.