பழைய அமெரிக்க வீட்டு ஈயப்பட்டை ஜன்னல்: கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

1900-க்கும் 1920-க்கும் இடையில் அமெரிக்காவில் கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள், சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைக் கோத்த ஜன்னலைப் பார்த்து முதலில் சொக்கிப்போகிறார்கள், அடுத்த மாதமே அது லேசாக வளைந்திருப்பதைக் கண்டு பயந்து கழற்றப் போகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

முதலில் துண்டுகளைப் பிடித்திருக்கும் பட்டையைக் கவனியுங்கள். ஓரத்தில் நகத்தால் மெல்லக் கீறும்போது பளிச்சென்று கோடு விழுந்தால் அது ஈயம், விழாமல் விறைப்பாக நின்றால் பெரும்பாலும் துத்தநாகம். ஈயம் விஷம் என்பதால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். நீண்ட நேர்கோடுகளைத் துத்தநாகம் தொய்யாமல் தாங்கும், கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் அதை நிறையப் பயன்படுத்தியதும் அதனால்தான். அவர் வடிவமைத்து 1910-இல் முடிந்த சிகாகோ ரோபி வீட்டைப் போன்றவற்றில் கண்ணாடியில் பெரும்பகுதி நிறமற்றது, படத்தை வரைவது அந்தக் கறுத்த கோடுகள்தான், அதனால் பட்டையின் அகலம் கொஞ்சம் மாறினாலும் ஜன்னலின் முகமே மாறிவிடும். கலிபோர்னியாவின் பாசடினாவில் 1908-இல் கட்டிய கேம்பிள் வீட்டு முன்கதவில் வண்ணக் கண்ணாடியில் ஒரு ஓக் மரமே நிற்கிறது, அது வேறு வகை அழகு.

சரி, வளைவுக்கு வருவோம். நேரான ஒரு கட்டையை ஜன்னலின் குறுக்கே பிடித்து இடைவெளியை அளந்து பாருங்கள். பழைய ஜன்னலில் சிறு வளைவு இயல்பு. 1½ அங்குலத்தைத் தாண்டினால் ஆபத்து என்கிறது அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் வழிகாட்டி. அதைத் தாண்டினாலோ பட்டைகளைப் பற்றவைத்த இணைப்புகள் விட்டிருந்தாலோ அனுபவமுள்ள கைவினைஞரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் விரல் நுனியால் ஒவ்வொரு துண்டையும் மெல்லத் தட்டுங்கள். கடகடவென்று ஆடினால் கண்ணாடிக்கும் பட்டைக்கும் நடுவே அடைத்த மக்கு (பசை போன்ற பூச்சு) காய்ந்து உதிர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டுதான் ஆடுகிறது என்றால் சுண்ணக்கட்டித் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கைக் கட்டைவிரலால் பட்டையின் உதட்டுக்கடியில் திணித்து, மிஞ்சியதை மரக்குச்சியால் வழித்துவிடலாம். சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம், பின்னால் பழுதுபார்க்கிறவருக்கு அதைப் பிரித்தெடுப்பது பெரிய பாடு. துடைக்க அமோனியா கலந்த திரவமும் கூடாது, நனைத்துப் பிழிந்த மெத்தென்ற துணி போதும், கண்ணாடியில் தீட்டிய ஓவியம் இருந்தால் அந்த இடத்தைத் துணியாலும் தொடாதீர்கள்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால் தட்டைத் தூக்குவது மாதிரி படுக்கவைத்துத் தூக்காதீர்கள், தன் கனத்திலேயே நடுவில் தொய்ந்துவிடும். கதவைத் தூக்குவது போல நிமிர்த்தியே எடுத்துப் போங்கள். பிரிப்பதற்கு முன் ஜன்னல் மேல் காகிதத்தை விரித்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் கோடுகள் அப்படியே பதிந்துவிடும். அந்தக் காகிதத்தோடு பழைய பட்டையில் ஒரு துண்டையும் எடுத்துவைத்து, புதுப் பட்டை அதே அகலத்தில் வந்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.