எல்லைக்கல்லுக்குள் அகப்பட்ட காணியை மீட்க முயல்வோருக்கு

2009 வரை நீடித்த இடப்பெயர்வுகளில் ஆளற்றுக் கிடந்த, இலங்கையின் வட பகுதியான வன்னியின் மேட்டுக்காணிகளில் பற்றை ஏறி மரமாயிற்று. மீளக்குடியேற வந்த பலர் தங்கள் வளவுக்குள்ளேயே வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கற்களைக் கண்டனர். அந்நிலையில் இருப்பவர் முதலில் கோடரியை எடுக்கக் கூடாது. அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் கையில் இருந்தாலும் பற்றையைத் துப்புரவாக்கினால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே காணி யாருடையது என்பது பின்தள்ளப்பட்டு, மரம் வெட்டியது யார் என்பதே கேள்வியாகிவிடும்.

அக்காணி 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட ஒதுக்கக்காடா, அறிவிக்கப்படாத ஏனைய அரச காடா, அல்லது 2015இல் தேசியப் பூங்காக்களாக்கப்பட்ட சுண்டிக்குளம், மடு வீதி போல வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளதா என்பதைப் பொறுத்தே தட்ட வேண்டிய கதவு மாறும். வாய்ப்பேச்சை நம்பாமல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானிப் பிரதியையும் எல்லை வரைபடத்தையும் கேளுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் வழங்கப்படுமா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

சான்று தேடுவதில்தான் உழைப்பு அதிகம். பத்திரங்கள் போரில் எரிந்திருந்தால், அனுமதிப்பத்திரப் பதிவேட்டின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்கலாம். பழைய வாக்காளர் இடாப்பு, பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவு, முகவரியுள்ள பிறப்புச் சான்றிதழ் என்பனவும் உதவும். இவற்றைவிட நிலமே உரக்கச் சாட்சி சொல்லும். பாலை, முதிரை மரங்கள் தானாக முளைக்கும். கட்டுக்கிணறும் வீட்டு அத்திவாரமும் வரிசையில் நட்ட தென்னைகளும் முளைப்பதில்லை. அவற்றைக் கிராம அலுவலர் முன்னிலையில், திகதியும் அமைவிடமும் பதியும்படி படமெடுத்து வையுங்கள்.

பிறகு, தனியாளாக அன்றி, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் பாதிக்கப்பட்ட எல்லாக் குடும்பங்களின் விபரத்தையும் ஒரே கோவையாக்கி, பிரதேச செயலாளருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் கையளித்து, இரு தரப்பும் சேர்ந்து காணியைப் பார்வையிட வேண்டுமெனக் கேளுங்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

காணி மறுக்கப்பட்டதை அடிப்படை உரிமை மீறலாகக் கருதி வழக்காடுவதென்றால், அதற்கான மனுவை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கொழும்புக்குப் போக உடனே வசதியில்லையென்றால், அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேர்க்கப்படாது.