ஊழியத்தில் இறங்கும்போது நாம் செய்கிற தவறுகள்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் அசனம் என்கிற சபை விருந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். முந்தின ராத்திரியே அடுப்பு மூட்டி, விடிய விடிய காய் வெட்டுவார்கள். மறுநாள் ஊரே பந்தியில் உட்காரும். எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, அடிப்பிடித்த அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருப்பார். வருஷக் கடைசியில் ஊழியம் செய்தவர்களுக்கு என்று சால்வை போட்டபோது பாடகர் குழுவுக்குப் போட்டார்கள், பிரசங்கம் செய்தவர்களுக்குப் போட்டார்கள். இவர் ஞாபகம் யாருக்கும் வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மைக் பிடித்தால்தான் ஊழியம் என்று நினைப்பது முதல் தவறு. மற்ற பல தவறுகளுக்கும் இதுதான் தாய். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேம் சபையில் ஒரு சாராரின் விதவைகள் சரியாகக் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. நம் பழைய வேதாகமம் அந்தக் கவனிப்பை 'அன்றாட விசாரணை' என்கிறது. வசனம் போதிப்பதை 'ஊழியம்' என்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான்: தியாகோனியா. (விசாரணை என்றால் இன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வருகிறது, அது வேறு கதை.) பந்தி விசாரிக்க ஏழு பேர் வேண்டும் என்றதும் கேட்கப்பட்ட தகுதி என்ன தெரியுமா? நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். சோறு பங்கிடுவதற்கு! விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர்.

அடுத்தது அவசரம். ஞானஸ்நானம் எடுத்த மறுவாரமே ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பு, வாலிபர் கூட்டத்தில் ஒரு பொறுப்பு, சனிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி. ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நாமே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். வேதம் வாசிக்கப் பழகுமுன்பே அவர் வேதம் சொல்லிக்கொடுக்க வேண்டியதாகிறது. இரண்டு வருஷத்தில் ஆளைக் காணோம். விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார் என்று அதற்குப் 'பின்மாற்றம்' எனப் பேர் வைத்துவிடுகிறோம். களைத்துப் போனவரைக் களைத்துவிட்டார் என்று சொன்னால் என்ன? வீட்டில் படுத்திருக்கும் தாயைக் கவனிக்க நேரமில்லாமல் ஊழியத்துக்கு ஓடுகிறவர்களும் உண்டு. காணிக்கை என்று சொல்லி, பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தது மாற்கு சுவிசேஷம் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

உதவி செய்யும்போது போட்டோ எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அரிசிப் பையில் ஐந்து பேர் கை வைத்து நிற்க, வாங்குகிற பாட்டி கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நல்ல மனசோடு செய்கிற தவறு ஒன்று உண்டு: கேட்காமலே செய்வது. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க எட்டுப் பேர் போகிறோம். இரண்டு பாட்டு, நீண்ட ஜெபம், ஹார்லிக்ஸ் பாட்டில். மூன்று நாளாகத் துணைக்கு இருக்கும் மனைவிக்கு வேண்டியதோ, ஒரு மணி நேரம் யாராவது கட்டிலருகே உட்கார்ந்தால் போய்க் குளித்துவிட்டு வருவதுதான். பர்திமேயு குருடன் என்பது எரிகோவில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு அவனிடம், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்கிறார். நாம் ஏன் கேட்பதில்லை?

கடைசியாக, கொடுக்க மட்டுமே தெரிந்து வாங்கத் தெரியாமல் இருப்பது. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது, பேதுருவும் முதலில் காலை நீட்ட மறுத்தவர்தான். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையே கதி. அதுவரை மற்றவர்களைக் கவனித்தவரை இருபது வருஷத்துக்கு அருகில் மற்றவர்கள் கவனித்தார்கள். அங்கிருந்தபடியே எழுதினார். அதனால், அடுத்த முறை நீங்கள் காய்ச்சலில் கிடக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொண்டுவந்தால், "எதுக்குக்கா சிரமம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். சூடு ஆறுமுன் வாங்கிக் குடியுங்கள்.