சனிக்கிழமைக் காலைக் கல்வி நிகழ்ச்சி: அரை மணி நேர எபிசோடை எழுதிச் சோதிப்பது எப்படி?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் சனிக்கிழமைக் காலை வரும் சிறுவர் கல்வி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகின்றன. கதை ஒரு பக்கம் ஓடும், பாடம் இன்னொரு பக்கம் நிற்கும். துரத்தல் காட்சியை நிறுத்திவிட்டு, கண்ணாடி போட்ட ஆந்தை ஒன்று 40 விநாடி நெம்புகோலை விளக்கும். குழந்தைக்குத் துரத்தல் நினைவிருக்கும், ஆந்தை சொன்னது நினைவிருக்காது. கதையைப் பின்தொடரவும் பாடத்தைப் புரிந்துகொள்ளவும் இருப்பது ஒரே கவனம்தான். இரண்டும் விலகியிருந்தால் கதைதான் அதை எடுத்துக்கொள்ளும் என்பது சிறுவர் தொலைக்காட்சி ஆய்வாளர் ஷாலோம் ஃபிஷ் 2000-இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம்.

அதனால் கதைக்கு முன்பே ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: பார்த்து முடித்ததும் குழந்தைக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும்? ‘நெம்புகோலைப் பற்றி அறிதல்’ என்பது வேலைக்காகாது. ‘முட்டுக்கல்லை (கம்புக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் கல்லை) பாரத்துக்குக் கிட்டே நகர்த்தினால் தூக்குவது எளிது என்று செய்துகாட்டுதல்’ என்றால் சரி. ஒரு எபிசோடுக்கு இப்படி ஒன்று போதும்.

அடுத்து, அது தெரியாமல் அவிழாத முடிச்சு வேண்டும். ஆட்டுக்குட்டியின் கயிறு பாறைக்கடியில் மாட்டிக்கொண்டது. சிறுமி முட்டுக்கல்லைக் கம்பின் நடுவில் வைத்து அழுத்துகிறாள். பாறை அசையவில்லை. கம்பில் தொங்கிப் பார்க்கிறாள், ஊஹூம். கல்லைப் பாறைப் பக்கம் தள்ளி வைக்கிறாள். பாறை துளி எழும்புகிறது, அவள் கையோ வெகுதூரம் கீழே இறங்குகிறது. இந்தக் கடைசி விவரத்தை வெட்டிவிடாதீர்கள். விசை குறைந்ததற்குக் கொடுக்கும் விலை அதுதான். மூன்று முயற்சியையும் பக்கவாட்டில், ஒரே கோணத்தில் காட்டுங்கள். கோணம் மாறினால் நகர்ந்தது கல்லா கேமராவா என்று சிறு பிள்ளைக்குப் பிடிபடாது. முக்கிய வசனம் வரும்போது பின்னணி இசை வேண்டாம்.

12 வயது வரையிலான குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில், வார இறுதியில் மணிக்கு 10.5 நிமிடம்தான் விளம்பரம் போடலாம். அரை மணிக்கு 5 நிமிடம் 15 விநாடி. (13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான நிகழ்ச்சிக்கு இந்த வரம்பு கிடையாது.) இடைவேளையை இரண்டாவது தோல்விக்குப் பின் வைத்து, திரும்பி வந்ததும் சிக்கலை ஒரு வரியில் நினைவூட்டுங்கள். உங்கள் கதாபாத்திரம் அந்த நிகழ்ச்சிக்குள்ளோ அதை ஒட்டியோ வரும் விளம்பரத்தில் பொருள் விற்கக் கூடாது.

ஸ்டோரிபோர்டு படங்களோடு (காட்சிகளை வரிசையாக வரைந்தவை) தற்காலிகக் குரலைச் சேர்த்து, அனிமேஷன் செலவில் இறங்கும் முன்பே குழந்தைகளிடம் போட்டுக் காட்டுங்கள். ‘செஸமி ஸ்ட்ரீட்’ சிறுவர் நிகழ்ச்சிக்காக ஆய்வாளர் எட்வர்ட் பால்மர் வகுத்த முறை இன்றும் உதவும்: பக்கத்தில் இன்னொரு திரையில் 7.5 விநாடிக்கு ஒரு படம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கண் எப்போது அங்கே தாவுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பல பிள்ளைகள் ஒரே இடத்தில் கண்ணை எடுத்தால், திருத்த வேண்டியது அந்தக் காட்சியை.

ஆனால் பார்த்ததெல்லாம் புரிந்ததாக ஆகிவிடாது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். ஒரு அளவுகோல், அழிரப்பர், கனமான புத்தகம் மூன்றையும் கொடுத்து, “இதைத் தூக்கிக் காட்டு” என்று மட்டும் சொல்லுங்கள். அழிரப்பரை நடுவில் வைத்துவிட்டு நகர்த்தாத பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம், மூன்றாவது முயற்சியை அவசரமாக வெட்டியதுதான்.

1990-ஆம் ஆண்டின் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டத்தையொட்டி எஃப்.சி.சி. (அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம்) வகுத்த விதிகளின்படி, வணிக நிலையங்களில் இத்தகைய நிகழ்ச்சி முழுதும் இ/ஐ குறியீடு (E/I: ‘கல்வி/தகவல்’ நிகழ்ச்சி என்பதற்கான அடையாளம்) திரையில் இருக்க வேண்டும். அது எந்த மூலையில் வரும் என்று நிலையத்திடம் முன்பே கேட்டு, அந்த மூலையில் எண்ணோ எழுத்தோ விழாமல் காட்சியை அமையுங்கள்.