பழைய ஆஃப்ரோடு வண்டி: இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் வைப்பதா?

வண்டி நீலமாகப் புகை விடுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை, ஆயில் குடிக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்ஜின் போச்சு" என்பார்கள். அதை நம்பி உடனே இன்ஜினை இறக்கிவிடாதீர்கள். பிரிக்காமலே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன.

படி 1: கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) பாருங்கள்

இன்ஜின் சூடாக இருக்கட்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். பெட்ரோல் வண்டியில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோல் வருவதையும் நிறுத்திவிடுங்கள். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று செல்ஃப் அடித்து, கேஜ் காட்டும் எண்ணை எழுதுங்கள். பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் 120 முதல் 180 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை வரும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அந்த அளவைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். 10–15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. டீசலில் 300 பிஎஸ்ஐக்கு மேலே போகும் என்பதால் அதற்குத் தனி கேஜ் வேண்டும்.

குறைவாகக் காட்டிய சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள் (டீசலில் இதைச் செய்யாதீர்கள், உள்ளே இடம் மிகக் குறைவு). எண் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டரின் உள்சுவரான போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவில் உள்ள சீல்). பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டுமே படுத்திருந்தால், நடுவில் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். வால்வும் கேஸ்கட்டும் ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்க்கும் வேலை. முழு இன்ஜின் பற்றிய பேச்சே இங்கே வேண்டாம்.

தண்ணீரில் இறங்கிய வண்டியாக இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அது அழுந்தாது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். வளைந்த ராடு பிஸ்டனை முழு உயரத்துக்குத் தள்ளாது. அதனால் வால்வும் ரிங்கும் நன்றாக இருந்தாலும் அந்த ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறையும். வெளியிலிருந்து காற்றைச் செலுத்திப் பார்த்தால் கசிவே தெரியாது. இப்படி ஒரு குழப்பமான முடிவு வந்தால் ராடைச் சந்தேகப்படுங்கள்.

படி 2: ஆயில் என்ன சொல்கிறது?

டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல், மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் ஆயில் பிரஷர் பாருங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பழைய கைக்கணக்கு. அதற்கும் ரொம்பக் கீழே போய், அடியில் கனமான தட்டும் சத்தமும் கேட்டால் கிராங்கில் உள்ள பேரிங் தேய்ந்திருக்கிறது. பழைய ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் பாருங்கள். செம்பு நிறத் துகள் கிடந்தால் அதற்குமேல் வண்டியை ஓட்ட வேண்டாம்.

ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் எல்லோரும் ஹெட் கேஸ்கட் என்பார்கள். எப்போதும் அப்படி இல்லை. டொயோட்டாவின் பழைய 22ஆர் வகை இன்ஜின்களில் டைமிங் செயினின் பிளாஸ்டிக் கைடு உடைந்தால், செயின் முன்பக்க கவரை அராவித் தேய்த்து, கூலன்டை ஆயிலுக்குள் விட்டுவிடும். கவரும் செயினும் மாற்றினால் பல சமயம் அதோடு முடிந்துவிடும், பேரிங்குகள் தப்பித்திருந்தால்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீல். அவ்வளவுதான்.

படி 3: ஏன் இப்படி ஆனது?

ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மண் ஒட்டினால் ரிங்கைத் தின்றது அந்தத் தூசிதான். அந்த வழியை அடைக்காமல் புது இன்ஜின் வைத்தாலும் அதற்கும் இதே கதிதான்.

படி 4: பிளாக் தேறுமா?

என் சாய்வு பழைய இன்ஜினைச் சரிசெய்யும் பக்கம்தான், ஆனால் பிளாக் நன்றாக இருந்தால் மட்டும். இறக்குவதற்கு முன்பே பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் செட், ஆயில் பம்ப் கிடைக்கிறதா என்று இன்ஜின் நம்பரை வைத்து விசாரியுங்கள். ஜீப்பின் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் மாதிரி, இரும்பு பிளாக்குடன் 2006 வரை வந்த இன்ஜினுக்குப் பாகம் கிடைப்பது சிரமமில்லை. அரிதான இன்ஜினில் ஒரு பேரிங்குக்காக மாதக்கணக்கில் வண்டி நின்றுவிடும்.

பிரித்ததும் லேத்தில் அளக்கச் சொல்லுங்கள். போர் நீள்வட்டமாகியிருக்கிறதா, மேலும் கீழும் அளவு மாறுகிறதா, கிராங்கைத் தேய்த்து, அந்தக் குறைந்த அளவுக்கேற்ற (அண்டர்சைஸ்) பேரிங் போட முடியுமா, பிளாக்கில் விரிசல் உண்டா. 0.25, 0.50 மி.மீ. என ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வரும். லேத்காரர் அளவு சொன்ன பிறகு பிஸ்டனை வாங்கிக் கொடுங்கள், அதை அளந்துதான் அவர் போர் செய்வார். தேய்ந்த போருக்குள் ரிங்கை மட்டும் மாற்றிப் பூட்டும் வேலை எனக்குப் பிடிக்காது. கொஞ்ச நாளில் பழையபடி புகை வரும்.

ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ, பேரிங் உட்காரும் இடத்தில் விரிசல் இருந்தாலோ, அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. மாற்றிவிடுங்கள்.

படி 5: மாற்றுவதென்றால் எதை?

அதே மாடல் இன்ஜின் என்றால் மவுண்ட், வயரிங், கியர்பாக்ஸ் எல்லாம் அப்படியே பொருந்தும். வேலை முடித்துத் தரும் இன்ஜின் என்றால் ஹெட்டும் சேர்ந்து வருகிறதா, கியாரண்டியில் ஆஃப்ரோடு ஓட்டம் அடங்குமா என்று கேளுங்கள். கழற்றிய பழைய இன்ஜின் என்றால் படி 1, 2 இரண்டையும் அதற்கும் செய்யுங்கள். சோதிக்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

வேறு இன்ஜின் பொருத்தும் ஆசை பலருக்கு வரும். அடாப்டர் பிளேட், மவுண்ட், ரேடியேட்டர், சைலன்சர், வயரிங், முன் ஆக்சிலில் சம்ப் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இடிக்காமல் இருக்க வேண்டிய இடைவெளி என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். குதிரைசக்தி கூடினாலும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை இல்லாவிட்டால் பாறை ஏறும்போது கிளட்ச்தான் கருகும். இன்ஜின் நம்பர் மாறுவதால் பதிவு விதிகளையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை செய்கிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

எந்த வழியில் போனாலும், பழைய இன்ஜினில் பேரிங் சிதறியிருந்தால் ஆயில் கூலரையும் அதன் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். கழுவினாலும் உலோகத் துகள் உள்ளே தங்கி, முதல் ஓட்டத்திலேயே புது பேரிங்குக்குள் போய்விடும்.